வலையில் குறைந்த ஈயம்

எங்கள் குடும்பத்தில் காணி பூமி என்று பெரிதாக எதுவும் இல்லை. சந்தேகம் மட்டும் தாராளமாக இருந்தது. மாமா மீன் கொண்டுவருகிறவனைச் சந்தேகப்படுவார், அவன் கொண்டுவந்த மீனையும் செவுளைப் பிரித்துப் பார்த்துச் சந்தேகப்படுவார். அப்பா கட்டாரிலிருந்து தொலைபேசியில் கதைக்கும்போது பின்னால் கேட்கிற சிரிப்பை அம்மா சந்தேகப்படுவாள். மிச்சம் இருந்த எல்லாவற்றையும் நான் சந்தேகப்பட்டேன். அந்த வயதில் நான் கண்டுபிடித்த களவுகள் ஏராளம். அவற்றில் ஒன்றுகூட களவாக இருக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது.

இந்தச் சந்தேகத்துக்கெல்லாம் நல்ல தீனியாக வந்து சேர்ந்தவர் புதுச் சித்தப்பா.

புதியவர் என்றால் பழையவர் ஒருவர் இருந்திருக்க வேண்டும் அல்லவா? அம்மாவின் தங்கச்சியை, அதாவது என் சின்னம்மாவை, முதலில் கட்டியிருந்தவர் மாங்கேணிக் கரையில் தோணி வைத்திருந்தவர். கடல் வந்தபோது எனக்கு நாலு வயது. சுனாமி என்று வானொலியில் செய்தி வாசிக்கிறவர்கள்தான் சொல்வார்கள். எங்களுக்கு அது 'கடல் வந்த நாள்'. அன்று காலை தோணியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர் போனவர்தான். ஆளும் வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும் இருந்தது. ஆனால் அவருடைய வீச்சுவலை தாழம்பற்றைக்குள் சிக்கிக்கொண்டு, ஓரத்து ஈயமணி ஒன்றும் குறையாமல் கிடந்தது. சின்னம்மா அதை ஒவ்வொரு முள்ளாக விலக்கிப் பிரித்தெடுத்துக் காயப்போட்டு வைத்தாள்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போனவன் வருவான் என்று வீட்டில் நினைக்கும்வரை அவனுடைய வலையில் யாரும் கத்தி வைக்க மாட்டார்கள். எத்தனையோ பேர் அந்த வலையை விலைக்குக் கேட்டார்கள். இரவல் கேட்டார்கள். சின்னம்மா ஒரே பதிலைத்தான் வைத்திருந்தாள்.

"வந்தா வலையக் கேப்பார்."

மரணச் சான்றிதழை மாமாதான் போய்க் கையெழுத்து வைத்து வாங்கிவந்தார். சின்னம்மா அதைத் தொட்டும் பார்க்கவில்லை. செத்தவருக்குச் செய்கிற அந்தியேட்டிக் கிரியைக்கு மாமா ஐயரைக் கூட்டிவந்தால், "இரிக்கிற ஆளுக்கு என்னத்துக்கு அதெல்லாம்?" என்று குசினிக்குள் போய்விடுவாள். ஐயர் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார். இப்படி மூன்று நான்கு முறை தேத்தண்ணி குடித்திருப்பார்.

கடலுக்குப் பிறகு ஷெல்லடி வந்தது. ஊர் முழுக்கச் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு நடந்தது. சின்னம்மா வலையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். வழியில் ஆமிக்காரர் மறித்தபோது மூட்டைக்குள் ஈயம் கலகலவென்றது. அவ்வளவுதான், துவக்குகள் எல்லாம் எங்கள் பக்கம் திரும்பின. ஈயத்தில் ஓசை கேட்டால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? நடுவீதியில் வலையை விரித்து மணி மணியாகப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள். மாமா அன்று அவளை வாய்க்கு வந்தபடி ஏசினார். அவள் வலையை மறுபடி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

முகாமில் இருக்கும்போதுதான் புதுச் சித்தப்பாவை மாமா கண்டுபிடித்தார். வெல்லாவெளிப் பக்கம். வயல் செய்கிற கமக்காரர், சொந்தம் என்று சொல்ல யாரும் இல்லாத மனிதர். அந்தக் காலத்தில் ஆண் துணை இல்லாத பெண்ணைக் கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டு ஓர் அண்ணன் நித்திரை கொள்ள முடியாது. மாமா நாள் பார்த்தார், மாலை வாங்கினார், கட்டி வைத்தார். கட்டி வைத்த கையோடு அவரைச் சந்தேகப்படவும் தொடங்கினார்.

"ஆள் கதைக்கிறானே இல்ல. அமசடக்கிக் கள்ளன் போலக் கிடக்கு."

மாமாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஆண்கள் கலியாணம் முடித்தால் மனைவி வீட்டுக்குப் போய்விடுவார்கள். மாமாவும் போனார். மாமி வீட்டில் தூங்குவார், மாமி வீட்டில் உண்பார், அதிகாரம் பண்ணுவதற்கு மட்டும் வேலி தாண்டி எங்கள் வீட்டுக்கு வருவார்.

யாழ்ப்பாணத்து ஆட்கள் மட்டக்களப்பாரைப் பற்றி, வந்தவனைத் திரும்பிப் போகாமல் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள், மந்திரம் தெரிந்தவர்கள் என்று சொல்வார்களாம். நாங்கள் அதையே அப்படியே எடுத்து, களப்புக்கு மேற்கே இருக்கிற படுவான்கரை ஆட்களைப் பற்றிச் சொன்னோம். புதுச் சித்தப்பா படுவான்கரைக்காரர். போதாதா?

வன்னியில் சண்டை முடிந்து, ஊருக்குத் திரும்பி, வீட்டுத்திட்டத்தில் கிடைத்த இரண்டு அறை வீட்டில் அம்மா, நான், சின்னம்மா, புதுச் சித்தப்பா எல்லோரும் இருந்தோம். வலை சின்னம்மாவின் அறையில் கூரை மரத்திலிருந்து தொங்கியது. அதன் கீழேதான் புதுச் சித்தப்பா பாய் போட்டுப் படுப்பார். சின்னம்மா என்னோடும் அம்மாவோடும் படுப்பாள். அவரோடு அவள் நேரே கதைப்பதில்லை. அவர் அடுப்புக்குப் பக்கத்திலேயே குந்தியிருந்தாலும், "உங்கட சித்தப்பாவச் சாப்பிட வரச் சொல்லு" என்று என்னைத்தான் அனுப்புவாள். நானும் இரண்டடி நடந்துபோய், "சித்தப்பா, சாப்பிட வரட்டாம்" என்பேன். "வாறன் எண்டு சொல்லு புள்ள" என்பார். நான் திரும்பி இரண்டடி நடப்பேன். எனக்கு அது ஒரு உத்தியோகம் மாதிரி இருந்தது.

கடலைக் கண்டால் புதுச் சித்தப்பாவுக்கு ஆகாது. களப்பில் முழங்கால் தண்ணீருக்கே யோசிப்பார். அதனால் உள்பக்கம் நிறைய வயல் வைத்திருந்த ஒரு போடியாரின் வட்டைக்குக் காவல் போனார். நெல்லும் சோளனும் நின்ற அந்த நிலத்துக்கு மாலையில் பன்றி வரும், சில நாள் யானையும் வரும். போடியாரிடம் அனுமதிப்பத்திரத்தோடு ஒரு ஒற்றைக்குழல் துவக்கு இருந்தது. துவக்கு வயல் வாடியில் இருக்கும். காவலுக்கு நிற்கும்போது மட்டும் சித்தப்பாவின் கையில். போடியார் நெல்லை அளக்கிறபோது கூடக் கை நடுங்காதவர், தோட்டா கொடுக்கும்போது மட்டும் அவருக்குக் கை நடுங்கும். அவர் கொடுத்தது எந்தக் காலத்துத் தோட்டா என்று அவருக்கே தெரியாது.

அப்படி ஒரு தோட்டாதான் அந்த மாரிக்காலத்தில் சித்தப்பாவைக் கவிழ்த்தது. தனியன் பன்றி ஒன்று நேரே வந்திருக்கிறது. அவர் விசையை இழுத்திருக்கிறார். 'டிக்' என்றதாம், வேறு ஒன்றும் இல்லை. பன்றி தொடையைக் கிழித்துவிட்டுப் போய்விட்டது. உழவு இயந்திரப் பெட்டியில் போட்டு வாழைச்சேனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சின்னம்மா அழவில்லை. அவர் உடுத்திருந்த இரத்தம் பட்ட சாரத்தைக் கிணற்றடியில் தோய்த்தாள். கறை போன பிறகும் தோய்த்துக்கொண்டே இருந்தாள். சவர்க்காரம் வீணாகிறது என்று அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா என்னை முறைத்தாள்.

கால் ஆறி, தடி இல்லாமல் நடக்கத் தொடங்கிய நாட்களில்தான் புதுச் சித்தப்பாவின் போக்கு மாறியது. பின்வளவில் முந்திரிகை மரத்தின் கீழ் சாக்கு விரித்து, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஏதோ செய்வார். யாராவது வந்தால் சாக்கின் மூலையை இழுத்து மூடுவார். மூடினால் நான் சும்மா இருப்பேனா?

நான் வேவு பார்த்ததில் அகப்பட்ட விஷயங்கள் இவை. சாமிப்படத் தட்டில் மெழுகுதிரிகள் கட்டையாகிக்கொண்டு வந்தன. கடற்கரையில் ஒதுங்கிய ஒற்றைச் செருப்பு ஒன்று முந்திரிகை மரத்தின் கீழ் கிடந்தது. அதில் காசு அளவில் வட்ட வட்டமாக ஓட்டைகள். பால்மாத் தகரப் பேணி ஒன்று எப்போதும் அவர் பக்கத்தில் இருந்தது. ஒரு நாள் சிரட்டை நெருப்பில் பழைய அகப்பையை வைத்து ஈயம் உருக்கினார். வெள்ளியாக ஓடிய அந்த ஈயத்தைக் கண்டதும் எனக்குச் சகலதும் விளங்கிவிட்டது. தகடு! செய்வினைத் தகடு! சின்னம்மாவைப் பாயோடு ஒட்ட வைக்கப் போகிறார்.

அம்மா வழக்கமாக என் பேச்சை எடுக்க மாட்டாள். ஈயம் என்றதும் எடுத்தாள். அம்மா மாமாவிடம் சொல்ல, மாமா வேலியைத் தாண்டி வந்து சாக்கை ஒரே இழுப்பில் இழுத்தார்.

தகடு இல்லை. வெடித்து முடிந்த தோட்டாக் கோதுகள், சிவப்பில் சில, பச்சையில் சில. நாலைந்து புதிதாக நிரப்பி வாயில் மெழுகு வார்த்திருந்தன. யானைவெடியைப் பிரித்து எடுத்த கறுப்பு மருந்து ஒரு சின்னப் போத்தலில். செருப்பிலிருந்து வெட்டியெடுத்த வட்டங்கள் மருந்துக்கும் ஈயத்துக்கும் இடையில் வைக்கிற அடைப்பாம். எனக்குப் பெரிய ஏமாற்றம். மாமாவுக்கோ முகத்தில் இரத்தமே இல்லை.

"உனக்கென்ன விசரா மச்சான்? றோட்டில ஆமி சென்றி நிக்கிறான். உன்ன மட்டுமா கொண்டு போவான்? இந்த வளவுக்குள்ள இரிக்கிற பூனையையும் சேத்தெல்லோ கொண்டு போவான்!"

புதுச் சித்தப்பா நிமிர்ந்து பார்த்தார். எனக்குத் தெரிந்து அவர் அதிகமாகப் பேசியது அன்றைக்குத்தான்.

"போடியார்ட தோட்டாவ நம்பேலா மச்சான். ஒருக்கா நம்பித்தான் காலக் குடுத்தன். நான் அடைச்சதெண்டா வெடிக்குமா வெடிக்காதா எண்டு எனக்குத் தெரியும்."

தெரியும் என்று சொன்னாரே தவிர, அப்போது அவருக்கு ஒன்றும் தெரியாது. அவருடைய தகப்பன் அடைப்பதைச் சின்னவயதில் பார்த்த ஞாபகம் மட்டும்தான். அடுத்த நாள் மாமா, "என்னதான் செய்யிறான் எண்டு பாப்பம்" என்று வயலுக்குப் போனார். சோற்றுப் பார்சலைச் சாட்டாக வைத்து நானும் போனேன். சித்தப்பா துவக்கை மரத்தோடு கட்டி, விசையில் நீளமாகக் கயிறு போட்டு, எங்களை வரம்புக்குப் பின்னால் படுக்கச் சொல்லிவிட்டுத் தானும் தூரத்தில் படுத்துக்கொண்டு இழுத்தார். புஸ் என்றது. குழலின் வாயிலிருந்து செருப்பு வட்டம் ஒன்று எழும்பி, வடை விழுகிற மாதிரி இரண்டு முழத்துக்கு அப்பால் விழுந்தது. மாமா வரம்பில் உருண்டு சிரித்தார். அந்தக் கதையை அவர் ஊரில் சொல்லாத வீடில்லை. தோட்டா என்று சொல்லாமல், "மச்சான் வடை சுடுறார்" என்று மட்டும் சொல்வார்.

புதுச் சித்தப்பா கோபிக்கவில்லை. மருந்தைக் காயவைத்தார், அடைப்பை இறுக்கினார், பழுதான கோதுகளைத் தூக்கி எறிந்தார். ஒவ்வொன்றையும் மரத்தில் கட்டித்தான் சோதித்தார். ஒரு நாள் வெடித்தது. களப்பின் அக்கரையில் கொக்கு எழும்பிற்று என்றால் பாருங்கள். வெடிக்காத வரைக்கும் மாமாவுக்குச் சிரிப்பு. வெடித்ததும் பயம் பிடித்துவிட்டது.

"பண்டிக்கு வெடிக்கிறது மனிசனுக்கும் வெடிக்கும்" என்று அம்மாவிடம் வந்து இரகசியம் சொன்னார். "இவ்வளவு ஈயம் இவனுக்கு எங்கால? வாழைச்சேனையில ஈயம் வாங்கப் போனா, ஆர், எவடம், என்னத்துக்கு எண்டு ஆயிரம் கேள்வி. இவன் கடைப்பக்கமே போகல்ல. மறுகா எப்படி?"

நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடித்தவள் நான்தான்.

சின்னம்மாவின் அறையைக் கூட்டப் போனபோது வலையைப் பார்த்தேன். வழக்கமாக ஓரம் பாரத்தில் நேராக இறங்கித் தொங்கும். இப்போது ஒரு பக்கம் சுருண்டு மேலே ஏறியிருந்தது. தூக்கிப் பார்த்தேன். நூல் இருந்தது, மணிகள் இல்லை. ஒரு முழம் அளவுக்கு வரிசையாக அறுத்து எடுக்கப்பட்டிருந்தது.

கள்ளன்! பழைய சித்தப்பாவின் வலைக்குக் கீழே படுத்துக்கொண்டு, பழைய சித்தப்பாவின் ஈயத்தையே எடுத்து உருக்குகிற கள்ளன்! எனக்கு மெய்யாகவே ஆத்திரம் வந்தது. பழைய சித்தப்பாவின் முகம் எனக்கு ஞாபகம் இல்லை, ஆனால் அவர் வந்து வலையைக் கேட்டால் என்ன சொல்வது?

மாமாவிடம் ஓடினேன். கேட்டதும் மாமா கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. வேலிக்கு மேலால் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஆருக்கும் சொல்லாத. சின்னம்மாக்கு மூச்சும் விடாத, அவள் தாங்கமாட்டாள். கையும் மெய்யுமாப் பிடிச்சு வெல்லாவெளி பஸ்ஸில ஏத்திவிடுறன். பிழ என்ட பிழதான். ஆரெண்டு தெரியாம அவள்ட கையில பிடிச்சுக் குடுத்தன். திருப்பி எடுக்கிறதும் நான்தான்."

மாமா பிடிக்கிறதற்குக் கண்டுபிடித்த வழி இருக்கிறதே, அது மாமா மாதிரிப் பழைய தோணிக்காரர் மட்டுமே யோசிக்கக்கூடிய வழி. அவருடைய குசினிக் கூரையில் ஒரு போத்தல் சுறா நெய் செருகியிருந்தது. மரத்தோணிக்குப் பூசுகிற நெய். கையில் ஒரு துளி பட்டால் புளி போட்டுத் தேய்த்தாலும், சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் நாலு நாளைக்குப் போகாது. வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து, மிச்சம் இருந்த ஈயமணிகளுக்கெல்லாம் கோழியிறகால் அந்த நெய்யைத் தொட்டு வைத்தார். நான் வாசலில் காவல் நின்றேன்.

"இனி எடுக்கட்டும். நாறியே பிடிபடுவான்" என்றார்.

பிடிபட்டது ஒரு வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூட விடுமுறை. காலையில் போய்ப் பார்த்தேன், மேலும் கொஞ்ச மணிகள் காணவில்லை. மாமாவுக்குச் செய்தி போயிற்று. மத்தியானம் மாமா நல்ல சட்டை போட்டுக்கொண்டு சாப்பிட வந்தார். அம்மாவுக்கு ஆச்சரியம். புதுச் சித்தப்பா கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"மச்சான், கையக் காட்டு. ரேகை பாப்பம்" என்றார் மாமா.

மாமாவுக்கு ரேகை பார்க்கத் தெரியாது என்பது மாமாவைத் தவிர எல்லோருக்கும் தெரியும். புதுச் சித்தப்பா ஒன்றும் விளங்காமல் கையை நீட்டினார். மாமா அதைப் பிடித்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். வலது கை, இடது கை, நகக்கண். பிறகு என்னைப் பார்த்தார். புகையிலையும் புகையும்தான், வேறு மணம் இல்லை என்று முகத்திலேயே எழுதியிருந்தது. அடுத்தபடியாக என் கையையும் இழுத்து மணந்து பார்த்தார். அதுதான் எங்கள் குடும்பம்! துப்புக் கொடுத்தவளையும் நம்புவதில்லை.

சின்னம்மா சோறு போட்டாள். வெள்ளிக்கிழமை ஆனபடியால் மீன் மச்சம் இல்லை. பருப்பு, வாழைக்காய், தேங்காய்ச் சம்பல். நான் சம்பலைப் பிசைந்து வாயில் வைத்தேன். குமட்டிக்கொண்டு வந்தது. மாமா ஒரு பிடியை வாய்க்குக் கொண்டுபோனவர் பாதி வழியில் நிறுத்தினார். மணந்தார். தட்டை மணந்தார். சம்பல் கோப்பையை எடுத்து மணந்தார்.

சம்பல் முழுக்கச் சுறா நெய் மணத்தது.

வாழைக்காய்க்குப் பிழிந்த தேங்காய்ப்பாலிலும் அதே மணம். அந்த வீட்டில் தேங்காய் பிழிகிற கை ஒன்றே ஒன்றுதான்.

மாமா தலையை மெல்ல நிமிர்த்திச் சின்னம்மாவைப் பார்த்தார். அவள் அகப்பையோடு நின்றாள். விரல்களெல்லாம் தேய்த்துத் தேய்த்துச் சிவந்திருந்தன. பாவம், காலையிலிருந்து கழுவியிருக்கிறாள்.

"நீயா?" என்றார் மாமா.

முதலில் விளங்கியது புதுச் சித்தப்பாவுக்குத்தான். எச்சில் கையோடு எழும்பி, முந்திரிகை மரத்தடிக்குப் போய், பால்மாப் பேணியை எடுத்துவந்து சின்னம்மாவின் காலடியில் வைத்தார். உருக்காத மணிகள் நாலைந்து அதற்குள் கிடந்தன.

"எனக்குத் தெரியா மச்சான். பேணிக்குள்ள ஈயம் கிடந்திச்சு. இவ கடையில வாங்கிப் போட்டவ எண்டு நினைச்சிற்றன். அந்த வலையில உள்ளது எண்டு தெரிஞ்சா என்ட கையாலத் தொட்டிருப்பனா?"

மாமா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"அவன்ட வலையடி அது! ஒரு மீன்முள்ளெடுக்கக் கூட ஆரையும் தொட விடாதவள் நீ. அதில கத்தி வைக்க எப்படியடி மனசு வந்த?"

"வந்திச்சு" என்றாள் சின்னம்மா. அவளுடைய குரல் உயரவில்லை. "ஒராளக் கடலுக்குக் குடுத்திட்டன். இவரப் பண்டிக்குக் குடுக்கச் சொல்றியா அண்ண? பொழுதுபட்டா வெறுந் தோட்டாவோட போறார். வெடி கேக்காட்டிப் பயம், கேட்டாலும் பயம். ஈயம் கடையில வாங்கேலா எண்டு தெரியும். வீட்டில ஈயம் தொங்குது. நான் வேற என்னத்தச் செய்ய?"

"அப்ப அவன்? வந்தா வலையக் கேப்பான் எண்டு..."

மாமா அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அவள் எத்தனையோ முறை சொன்ன வாக்கியம் அது.

சின்னம்மா சுவரில் சாய்ந்து நின்றாள்.

"அவர் வரமாட்டார் அண்ண" என்றாள்.

நான் சுற்றிவரப் பார்த்தேன். அம்மா வாயைச் சேலையால் பொத்திக்கொண்டாள். ஊரையே அதட்டுகிற மாமா, எச்சில் கையை மடியில் வைத்தபடி சின்னப்பிள்ளை மாதிரி தேம்பி அழுதார். பஸ்ஸில் ஏற்றுகிற கதையைக் காணவே இல்லை. புதுச் சித்தப்பா மட்டும் அழவில்லை. எங்கே நிற்பது என்று தெரியாதவர் போல வாசல் பக்கம் நகர்ந்தார். அப்போது சின்னம்மா, என்னைக் கூப்பிடாமல், என் பக்கம் திரும்பாமல், நேரே அவரைப் பார்த்துச் சொன்னாள்.

"எங்க போறிங்க? இரிங்க. வேற சம்பல் இடிச்சுத் தாறன்."

அவர் உட்கார்ந்தார். எனக்கு அந்தரமாக இருந்தது. என் உத்தியோகம் போய்விட்டது என்று அப்போதே தெரிந்தது.

வேறு சம்பலை அம்மாதான் இடித்தாள், சின்னம்மாவைத் தொட விடவில்லை. எல்லோரும் சாப்பிட்டோம். மாமா போகும்போது, "ஐயருக்குச் சொல்லட்டா?" என்று படியில் நின்றபடி கேட்டார். சின்னம்மா சொல்லு என்பதுபோலத் தலையை ஆட்டினாள். மாமா வேலியைத் தாண்டாமல், படலையைத் திறந்து, ரோட்டால் சுற்றிப் போனார்.

பின்னேரம் கிணற்றடியில் அம்மா கோப்பை கழுவும்போது பக்கத்தில் போய்க் குந்தினேன். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கள்ளனும் அகப்படவில்லை, களவும் களவில்லை என்கிறார்கள், ஆனால் வீடு முழுக்கச் செத்த வீடு போல இருக்கிறது. அவர் செத்தது ஊருக்கே தெரியும். மாமா வாங்கிவந்த சான்றிதழ் அலுமாரியில் இருக்கிறது, நானே எழுத்துக்கூட்டி வாசித்திருக்கிறேன். எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைச் சொன்னதற்கு இவ்வளவு அழுகையா?

"அம்மா, பழைய சித்தப்பா செத்தது சின்னம்மாக்கு எப்ப தெரியும்?"

அம்மா கழுவின கோப்பையையே மறுபடி கழுவினாள்.

"இண்டைக்குத்தான் புள்ள" என்றாள்.

நான் அவளுடைய முகத்தை உற்றுப் பார்த்தேன். அவள் பொய் சொல்கிறாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.